ஏட்ரியாட்டிக் கரையோரம் 10 நாள், ரெண்டு குழந்தைங்க, கூட அம்மா அப்பா: இந்த பிளான் ஓடுமா?

மார்ச் 2, இரவு

கேள்வி இதுதான், மேலயே போட்டுடறேன், அப்புறம் யாரும் தேட வேண்டாம்:

"ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல இருக்கோம். ஆகஸ்ட்ல 10 நாள் லீவு. பொண்ணுக்கு 6 வயசு, பையனுக்கு ரெண்டரை. அம்மா அப்பா மதுரைல இருந்து வராங்க. கார்லயே போறோம். வெனிஸ் 1 நைட், லுப்லியானா 1, ப்ளித்விச்சே 1, ஸாடார் 1, ஸ்ப்ளிட் 2, ஹ்வார் தீவு 1, டுப்ரோவ்னிக் 2, முடிஞ்சா அப்படியே கோட்டோர். கடல் ஓரமாவே ஓட்டிட்டு போயிடலாம்ல?"

ஓடாது தம்பி.

ஆள் கணக்கை முதல்ல பாரு. நாலு பெரியவங்க, ரெண்டு குழந்தைங்க, மொத்தம் ஆறு பேர், அதுல ரெண்டு சைல்டு சீட். ஏழு சீட் வண்டி எடுக்கணும், எடுத்து கடைசி வரிசையை நிமிர்த்திட்டா டிக்கியில ஒரு பெட்டியும் ஒரு ஸ்ட்ரோலரும்தான் நிக்கும். மீதி எல்லாம் யார் மடியில?

அப்புறம் இந்த லிஸ்ட்ல திரும்பி வர்ற நாளே இல்ல. டுப்ரோவ்னிக்ல இருந்து ஸ்டுட்கார்ட் 1,300 கிலோமீட்டருக்கு மேல. ரெண்டரை வயசு பையனோட அதை ஒரே மூச்சுல யாரும் ஓட்டுறதில்ல, ஓட்டவும் கூடாது. போக ஒரு நாள், வர ரெண்டு நாள் எடுத்துட்டா மிச்சம் ஏழு. அந்த ஏழு நாள்ல ஏழு ஊர். தினமும் பெட்டி கட்டணும், தினமும் புது வீட்டு சாவிக்கு போன் பண்ணணும், தினமும் புது கட்டில்ல சின்னவனை தூங்க வைக்கணும். அம்மா ரெண்டாவது நாளே "நான் வீட்லயே இருந்திருப்பேன்"னு சொல்லிடுவாங்க.

மீதியை நாளைக்கு எழுதறேன், தூக்கம் வருது.

மார்ச் 3

"கடல் ஓரமாவே ஓட்டிட்டு போயிடலாம்ல" அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில்.

உன் லிஸ்ட்ல பாதிக்கு மேல குரோஷியா ஊர்தான். மேப்ல பாக்குறப்ப அந்த நாட்டுக் கரை மேலருந்து கீழ ஒரு கோடு மாதிரி தெரியும், அதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. அந்தக் கரை முழுக்க சுண்ணாம்புக்கல் மலை, மலை வரிசை எல்லாம் கரைக்கு இணையா ஓடும், பனியுகம் முடிஞ்சு கடல் மட்டம் ஏறினப்ப பள்ளத்தாக்கு எல்லாம் கடலாச்சு, மேடு எல்லாம் தீவாச்சு. அப்படித்தான் 1,200க்கு மேல தீவு, திட்டு, பாறை. பாக்க அழகு, ஓட்ட கஷ்டம். எக்ஸ்பிரஸ்வே கடல் ஓரமா கிடையாது, மலைக்குப் பின்னாடி போகுது. ஏ1 சாலையில ஸாடாருக்கு போறப்ப ஸ்வேட்டி ரோக் சுரங்கம்னு ஒண்ணு வரும், கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். உள்ள நுழையறப்ப மழை மேகம், வெளிய வந்தா பளீர்னு வெயில், கீழ கடல், அப்படி நிறைய தடவை நடக்கும். அதுவரைக்கும் கடலே கண்ணுல படாது.

கடல் ஓரமா போறது பழைய ரோடு, யாத்ரான்ஸ்கா மகிஸ்த்ராலா. ரியேகாவுல இருந்து கார்லோபாக் பக்கம் போற துண்டு இருக்கே, ஒரு பக்கம் வெலெபிட் மலை, ஒரு பக்கம் நேரா கடல், வளைவு மேல வளைவு. கணவன் மனைவி ரெண்டு பேரா ஓட்டினா சொர்க்கம். பின் சீட்ல ரெண்டு குழந்தைங்க இருந்தா ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை வேணும். எங்க சின்னவ தர்பூசணி சாப்பிட்டுட்டு ஏறினா, வேற ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. அந்த சைல்டு சீட் கவரை கடைசியில தூக்கித்தான் போட்டோம்.

ஸ்ப்ளிட்டுக்கு கீழயும் இதே கதைதான். ஏ1 ப்ளோச்சே கிட்ட முடிஞ்சிடும், அதுக்கப்புறம் சாதா ரோடு. ஸ்ப்ளிட் டு டுப்ரோவ்னிக் 230 கிலோமீட்டர்தானேன்னு நெனைப்போம், ஆகஸ்ட்ல மூணரை நாலு மணி நேரம் தாராளமா எடுக்கும்.

மார்ச் 3, கொஞ்சம் கழிச்சு

அம்மா அப்பா விசா சிங்கிள் என்ட்ரியா மல்டிபிளா? இதை பாக்காம ஹோட்டல் போடாதே.

ஒரே விசாவுல சுத்தக்கூடிய ஐரோப்பிய நாடுகள் கூட்டம் இருக்கே, ஷெங்கன், அதுல குரோஷியா 2023 ஜனவரி 1ல சேந்துச்சு, அன்னைக்கே யூரோவும் வந்துச்சு. அதனால ஜெர்மனி விசாவோட குரோஷியா போகலாம், பிரச்சனை இல்ல. கோட்டோர் இருக்குறது மாண்டினீக்ரோல, அது ஷெங்கன் கிடையாது. சிங்கிள் என்ட்ரியோட அங்க போயிட்டா திரும்ப உள்ள வர முடியாது. சும்மா ஒரு ரவுண்டுன்னு போயி பார்டர்ல அம்மா அப்பாவை நிக்க வச்சிடாதே.

இன்னொரு இடமும் இருக்கு. டுப்ரோவ்னிக் போற வழியில போஸ்னியாவுக்கு கொஞ்சூண்டு கடற்கரை உண்டு, நேயும்னு ஊரு. முன்னாடி எல்லாரும் அது வழியாத்தான் போகணும், ரெண்டு பார்டர் செக். 2022 ஜூலைல பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்துட்டாங்க, 2.4 கிலோமீட்டர், போஸ்னியாவை தொடாமயே போயிடலாம். ஆனா போன்ல ரூட் போட்டா அது நேயும் வழிய காட்டுதா பாலத்து வழிய காட்டுதான்னு கண்ணால ஒரு தடவை பாத்துக்கோ.

ஷெங்கனுக்கு உள்ளதானேன்னு பாஸ்போர்ட்டை வீட்ல வச்சிட்டும் போகாதே. ஸ்லோவேனியா 2023 அக்டோபர்ல இருந்து குரோஷியா எல்லையில மறுபடி செக் பண்றாங்க. எல்லா நேரமும் நிறுத்த மாட்டாங்க, நிறுத்தினா காட்டணும். குழந்தைங்க பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு ரெண்டும்.

மார்ச் 5

"பீச் எப்படி இருக்கும் அக்கா, பையன் மண்ணுல விளையாடுவான்"னு கேட்டிருக்கே. நீ ஊர் லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி இதைத்தான் கேட்டிருக்கணும்.

குரோஷியா பீச் பெரும்பாலும் கூழாங்கல், இல்ல பாறை, இல்ல சிமென்ட் மேடை. அதனாலதான் தண்ணி கண்ணாடியா இருக்கு, கலங்கறதுக்கு மண்ணே இல்ல. பெரியவங்களுக்கு அது போதும். ரெண்டரை வயசுக்காரன் பக்கெட்டும் கரண்டியும் எடுத்துட்டு வந்து கல்லை பாத்து முழிப்பான். வாட்டர் ஷூ இங்கயே டெகாத்லான்ல வாங்கிடு, எல்லாருக்கும், அப்பாவுக்கும் சேத்து. பாறை ஓரத்துல கடல் முள்ளெலி ஒட்டிட்டு இருக்கும், மிதிச்சா முள்ளு உள்ளயே உடைஞ்சு நிக்கும், அதை ஊசி வச்சு எடுக்குறப்ப குழந்தை போடுற சத்தம் அடுத்த ஊருக்கு கேக்கும்.

மணல் வேணும்னா இடம் பாத்துதான் போகணும். ராப் தீவுல லோபார், அங்க ஒண்ணரை கிலோமீட்டருக்கு மணல், ரொம்ப தூரம் உள்ள நடந்தாலும் இடுப்புக்கு கீழதான் தண்ணி. ஸ்டினீட்சாவுல இருந்து ஃபெரி, 15 நிமிஷம்தான். வடக்க இருக்கிற இஸ்த்ரியா தீபகற்பத்துல மெதுலின் பக்கம் கொஞ்சம் மணல் உண்டு. அப்புறம் ஸாடார் பக்கத்துல நின்.

நின் எனக்கு ரொம்ப பிடிச்ச ஊரு, அதனால நடுநிலையா எழுதுவேன்னு எதிர்பாக்காதே. சின்ன தீவு மேல பழைய ஊர், பக்கத்துல உப்பளம், அதைத் தாண்டினா கடல் ஒரு குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும், எதிர்ல வெலெபிட் மலை. கரைக்குப் பின்னாடி கருப்பு சேறு இருக்கு, வாதத்துக்கு நல்லதுன்னு எல்லாரும் அள்ளிப் பூசிட்டு திரியறாங்க. எங்க மாமியார் முதல்ல "ச்சீ, சாக்கடை நாத்தம்"னு மூக்கை பொத்திட்டு நின்னாங்க. அப்ப ஒரு செக் நாட்டு பாட்டி, தலையில இருந்து கால் வரைக்கும் கருப்பா, இவங்க முட்டியை பாத்து கையால ஜாடை காட்டி, ஒரு பிடி சேறை அள்ளி அவங்களே வந்து அப்பிட்டாங்க. மாமியார் புடவையை முட்டிக்கு மேல சுருட்டிட்டு பெஞ்சுல உக்காந்தாங்க. சேறு காய காய சாம்பல் நிறமாகி விரிசல் விட்டுச்சு, நகத்தால சுரண்டி சுரண்டி பாத்துட்டே இருந்தாங்க. அப்புறம் கடல்ல போயி கழுவிட்டு வந்து, வலி போச்சோ இல்லையோ, மறுநாள் காலைல எல்லாருக்கும் முன்னாடி செருப்பு மாட்டிட்டு வாசல்ல நின்னது அவங்கதான்.

மத்தியானத்துக்கு மேல நின்ல காத்து அடிக்கும், கைட் சர்ஃபிங் ஆளுங்க வந்துடுவாங்க. காலைல போயிட்டு சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடணும். நிழல் கிடையாது, குடை எடுத்துட்டு போ.

மார்ச் 5, இரவு

ஒரு சின்ன எச்சரிக்கை, சிரிக்காதீங்க. கேம்ப்சைட்லயோ பீச் பேர் பக்கத்துலயோ எஃப்.கே.கே.ன்னு போட்டிருந்தா அது துணி இல்லாத பீச். இஸ்த்ரியால இது பழைய சமாச்சாரம், வ்ர்சார் பக்கத்துல கொவெர்சாடான்னு ஒரு இடம் 1961ல இருந்தே இருக்கு. ஜெர்மன்காரங்க குடும்பத்தோட போவாங்க, அவங்களுக்கு அது சாதாரணம். விலை கம்மியா இருக்கேன்னு கண்ணை மூடிட்டு புக் பண்ணிட்டு அப்பாவோட போயி இறங்கினா, மீதி லீவு முழுக்க அவர் உன்கிட்ட பேச மாட்டார்.

மார்ச் 8

ஒருத்தர் "குழந்தைங்கன்னா இத்தாலி பக்கம்தான், குரோஷியாவே வேண்டாம்"னு எழுதியிருக்கார். முதல்ல எனக்கு சுர்ருனு இருந்துச்சு. ரெண்டு நாள் யோசிச்சேன். ரெண்டரை வயசுக்கு மட்டும் பாத்தா அவர் சொல்றது சரிதான்.

ஒரே கடல், எதிர் எதிர் கரை, ஆனா சம்பந்தமே இருக்காது. இத்தாலி பக்கம் போ (Po) நதியும் மத்த ஆறுகளும் காலங்காலமா மண்ணைக் கொண்டு வந்து கொட்டியிருக்கு. பிபியோனே, கவோர்லே, யேசோலோ, கீழ ரிமினி எல்லாம் நீள நீள மணல், ஆழமே இல்ல. குடையும் சாய்வு நாற்காலியும் வரிசை வரிசையா போட்டு வாடகைக்கு விடுவாங்க, அதை நடத்துற இடத்துக்கு பான்யோன்னு பேரு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர், பின்னாடியே ஊஞ்சல், சறுக்கு, கழிப்பறை, காப்பி. அம்மா நிழல்ல காலை நீட்டி உக்காரலாம், பையன் பள்ளம் தோண்டலாம். தண்ணி மட்டும் அந்த நீலம் வராது, கலங்கலாத்தான் இருக்கும். சில வருஷம் வெயில் அதிகமானா பாசி கூழ் மாதிரி நுரையும் மிதக்கும், 2024 ஜூலைல அப்படித்தான் ரெண்டு கரையிலயும் வந்துச்சு.

குடை வாடகை ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு பாத்துட்டு உக்காரு, முதல் வரிசைக்கு ஒரு விலை, பின் வரிசைக்கு ஒரு விலை. குரோஷியாவுல துண்டை விரிச்சா முடிஞ்சுது.

வெனிஸ் விஷயத்துக்கும் இது உதவும். ஊருக்குள்ள ரூம் போடாதே. 400க்கு மேல பாலம், கிட்டத்தட்ட எல்லாத்துலயும் படி, ஸ்ட்ரோலரை தூக்கிட்டு அலையணும். வெனிஸுக்கு வெளிய கவலினோல ஏதாவது கேம்ப்சைட்ல மொபைல் ஹோம் எடுத்துக்கோ, பீச் வாசல்ல இருக்கும். புந்தா சபியோனில இருந்து படகு நேரா சான் மார்க்கோ பக்கம் கொண்டு விடும், குழந்தைங்களுக்கு அந்த படகே பாதி டூர். வெளிய தங்கிட்டு பகல்ல மட்டும் போறவங்களுக்கு சில நாள்ல நுழைவுக் கட்டணம் வச்சிருக்காங்க, 2024ல ஆரம்பிச்சது, 14 வயசுக்கு கீழ இல்ல. போற தேதிக்கு உண்டான்னு பாத்துக்கோ.

அப்போ இத்தாலியா குரோஷியாவான்னு கேட்டா, பொண்ணுக்கு 6 வயசு, நீச்சல் கண்ணாடி போட்டு முகத்தை தண்ணிக்குள்ள விட்டா மீன் தெரியணும்ல. அது குரோஷியாதான். நான் மாறல.

மார்ச் 9

சாப்பாடு. அம்மா அப்பா சுத்த சைவம்னு இன்னைக்குத்தான் சொல்றே!

ஹோட்டல் வேண்டாம், கிச்சனோட அபார்ட்மென்ட் எடு. அங்க வீட்டுக்கு வீடு வாசல்ல அபார்த்மானின்னு போர்டு தொங்கும், மேல் மாடியில வீட்டுக்காரங்களே இருப்பாங்க, தோட்டத்து தக்காளி கொண்டு வந்து கொடுக்கிற ஆளும் உண்டு, ஏசியை ஆஃப் பண்ணச் சொல்லி தினம் கதவைத் தட்டுற ஆளும் உண்டு, ரெண்டையும் பாத்திருக்கோம். சின்ன குக்கர் கொண்டு போ, இன்டக்‌ஷன் அடுப்புல உக்காருற அடிதானான்னு பாத்துட்டு. அரிசி, பருப்பு, ரசப்பொடி, ஊறுகாய், மோர் மிளகாய். தயிர் எந்த கடையிலயும் கிடைக்கும், குழாய் தண்ணியே குடிக்கலாம்.

வெளிய சாப்பிட்டா சைவத்துக்கு பீட்சா, பாஸ்தா, அப்புறம் ப்ளிட்வான்னு ஒரு கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டு போட்டு வதக்கி வைப்பாங்க, மீனுக்கு துணையா வர்றது, அதை மட்டும் தனியா ஒரு தட்டு கேளு, தருவாங்க. எங்க வீட்ல அதுல கொஞ்சம் மோர் மிளகாய் நொறுக்கிப் போட்டு சாப்பிட்டோம், சர்வர் தம்பி தனக்கும் ஒண்ணு கேட்டு வாங்கிக் கடிச்சிட்டு கண்ணு கலங்கி உள்ள ஓடிட்டான். காலைல பேக்கரில சீஸ் புரெக். கருப்பா ஒரு ரிசோட்டோ பாத்தா அது கணவாய் மை, அப்பாவுக்கு சொல்லிடு.

ஊர்ல இருந்து வர்றப்ப அம்மா நெய் எடுத்துட்டு வருவாங்க. வேண்டாம்னு இப்பவே சொல்லு. ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து பால் பொருள், இறைச்சி எதுவும் பெட்டியில கொண்டு வரக்கூடாது, பிடிச்சா எடுத்து குப்பையில போடுவாங்க. பாக்க மனசு தாங்காது.

ஞாயித்துக்கிழமை கடை விஷயமும் இருக்கு. 2023 ஜூலைல இருந்து குரோஷியாவுல ஒரு கடை வருஷத்துக்கு 16 ஞாயிறுதான் திறக்கலாம். டூரிஸ்ட் ஊர்ல அந்த 16ஐயும் கோடைக்கே வச்சிக்கிறாங்க, இருந்தாலும் பாலும் டயப்பரும் சனிக்கிழமையே வாங்கி வை.

மார்ச் 12

"ஊதுற மிதவை, ஃபிளமிங்கோ எல்லாம் வாங்கலாமா"ன்னு தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கா. வாங்கு, ஆனா கயிறு கட்டு. இதுல நான் விளையாடல.

அங்க காத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் பேர் உண்டு. மத்தியானம் கடல்ல இருந்து வர்றது மாயெஸ்ட்ரால், நல்ல வானிலையோட அடையாளம், பயம் இல்ல. யூகோ தென்கிழக்குல இருந்து வரும், புழுக்கம், அலை, மழை, எங்கயோ கடல்ல மிதந்த குப்பையெல்லாம் கரையில ஒதுங்கும். புரா (bura) வடகிழக்கு, மலையில இருந்து கடலைப் பாத்து கீழ விழுகிற குளிர் காத்து, குளிர்காலத்துலதான் உக்கிரம், கோடையிலயும் திடீர்னு வரும். வானம் பளிச்சுனு நீலமா இருக்கும், கரை ஓரத்துல தண்ணி தட்டையா கிடக்கும், அலையே இருக்காது, பாதுகாப்பான நாள்னு நெனச்சிடுவோம். ஆனா காத்து கரையில இருந்து கடலுக்குள்ள தள்ளுது. எங்க பக்கத்துல ஒரு குடும்பத்தோட ஃபிளமிங்கோ, நல்லவேளை மேல யாரும் இல்ல, அந்த அப்பா நல்லா நீந்துறவர், பின்னாடியே பத்து வீச்சு போட்டார், அதுக்குள்ள அது எங்கயோ போயிடுச்சு, இளஞ்சிவப்பா ஒரு புள்ளி. அவரு உடனே திரும்பிட்டார், அதான் புத்திசாலித்தனம். புரா அடிக்கிற நாள் மிதவையை வீட்லயே வச்சிடு. கார் டிரைவருக்கும் இதே, கிர்க் பாலம், மஸ்லெனிட்சா பாலம் எல்லாம் பெரிய புரா வந்தா மூடுவாங்க, எச்.ஏ.கே.ன்னு குரோஷியா ஆட்டோ கிளப் ஆப்ல பாக்கலாம். அவசரத்துக்கு 112.

மார்ச் 14

ப்ளித்விச்சே பத்தி ரெண்டே வரி. 16 ஏரி, ரொம்ப அழகு, குளிக்க தடை, டிக்கெட்டை மணி நேரம் போட்டு முன்னாடியே ஆன்லைன்ல எடுக்கணும், மரப்பலகைப் பாதையில ஸ்ட்ரோலர் உருளாது. கிர்கா அருவியில குளிக்கலாம்னு பழைய வீடியோ பாத்துட்டு சொல்வாங்க, ஸ்க்ராடின்ஸ்கி புக்ல 2021ல இருந்து தடை. பசங்க கண்ணு முன்னாடி தண்ணி ஓடும், இறங்கக்கூடாதுன்னு சொல்லணும், அந்த அழுகைக்கு டிக்கெட் காசு வேற.

அதுக்கு பதிலா போஸ்ட்டோய்னா குகை. ஸ்லோவேனியால, நீ இஸ்த்ரியா போற வழியிலயே. குகைக்குள்ள ரயில் போகுது, 1872லயே தண்டவாளம் போட்டுட்டாங்க. உள்ள 10 டிகிரிதான், வெளிய 33 இருக்கும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் கையில வச்சுக்கோ. கண்ணு தெரியாத, வெளிறின, பல்லி சைஸ்ல ஒரு பிராணி தொட்டியில இருக்கும், ப்ரோடியஸ். எங்க பெரியவன் "அது சாப்பிட்டுச்சா"ன்னு கேட்டான், வருஷக்கணக்குல சாப்பிடாம இருக்கும்னு கைடு சொன்னதும் "அப்ப நான் மட்டும் ஏன் தினம் சாப்பிடணும்"னு ஆரம்பிச்சுட்டான், அந்த வாதம் இன்னும் முடியல.

மார்ச் 16

அப்பாவுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டதுக்கு "பழைய அரசியல் பேசுவார்"னு சொன்னியே, அப்ப பிரியூனி தீவு போ. ஃபஜானாவுல இருந்து படகு. யூகோஸ்லாவியா தலைவர் டிட்டோவோட கோடை வாசஸ்தலம், அவரு, நேரு, எகிப்து நாசர் எல்லாரும் 1956ல அங்கதான் உக்காந்து பேசினாங்க, அணிசேரா இயக்கம்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம்ல, அதுக்கான விதைகள்ல ஒண்ணு. வெளிநாட்டுத் தலைவர்கள் கொடுத்த மிருகங்களை வச்சு அங்க ஒரு சஃபாரி பார்க் இருக்கு. இந்திரா காந்தி ரெண்டு யானைக்குட்டி கொடுத்தாங்க, சோனி, லங்கா. சோனி 2010ல செத்துப்போச்சு. எங்க மாமனார் லங்காவை பாத்துட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு "என்னம்மா, தனியா இருக்கியா"ன்னு தமிழ்லயே பேசிட்டு இருந்தார், சுத்தி நின்ன ஆஸ்திரியா குடும்பம் அவர் ஏதோ யானைப் பாகன்னு நெனச்சு வழி விட்டுச்சு.

தீவு முழுக்க குட்டி ரயில் சுத்திக் காட்டும், அதனால பெரியவங்க முட்டி வலிக்கு பயம் இல்ல. பாறையில டைனோசர் கால் தடமும் உண்டு, பொண்ணுக்கு. சாயங்காலம் திரும்பறப்ப புலா அரங்கம், ரோமானியர் கட்டினது, முதலாம் நூற்றாண்டு. வெளிய இருந்தே சுத்திப் பாக்கலாம், காசு கொடுத்து உள்ள போறது உன் இஷ்டம்.

மார்ச் 20

டுப்ரோவ்னிக்கை விட மனசில்லன்னு தெரியுது. அப்பா ஏதோ டிவி தொடர்ல கோட்டையை பாத்துட்டாராம்.

கோட்டைச் சுவர் சுத்து 1,940 மீட்டர், ஒரே திசையிலதான் நடக்கணும், நிழல் சுத்தமா இல்ல, ஆகஸ்ட்ல கல்லே சுடும். கோடை டிக்கெட் பெரியவங்களுக்கு 35 யூரோவுக்கு மேல. ரெண்டரை வயசை தோள்ல வச்சு அதை சுத்தறது பக்தி இருந்தா பண்ணு. ஊர் நல்ல ஊர்தான், நான் குறை சொல்லல, ஆனா அதை இந்த டூர்ல சேக்காதே. அம்மா அப்பா இங்க ரெண்டு மூணு மாசம் இருக்கப் போறாங்கல்ல, செப்டம்பர் பாதியில அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு நீ மட்டும் ஃபிளைட்ல போ. கடல் அப்பவும் வெதுவெதுன்னு இருக்கும், கூட்டம் குறைஞ்சிருக்கும், வாடகை இறங்கியிருக்கும். வீட்டுக்காரிகிட்ட இதுக்கு எப்படி அனுமதி வாங்குறதுங்கிறது இங்க பேசற விஷயம் இல்ல.

ஸாடார்ல அலை வாசிக்கிற இசைப் படிக்கட்டு இருக்கு, 2005ல நிக்கோலா பாஷிச்னு ஒரு ஆர்க்கிடெக்ட் கட்டினது, படிக்கு அடியில குழாய், அலை உள்ள காத்தை தள்ளத் தள்ள ஊதும். பசங்க ஓட்டையில காதை வச்சுட்டு எழுந்திருக்கவே மாட்டாங்க. இதை ஏன் இப்ப சொல்றேன்னா, நின்ல தங்கினா இது 20 நிமிஷத்துல. டுப்ரோவ்னிக்கை விட்டா கிடைக்கிறது இதெல்லாம்.

மார்ச் 23

புது பிளான் பாத்தேன். "இஸ்த்ரியா 4, நின் 3, ஸ்ப்ளிட் 1." அந்த ஸ்ப்ளிட் 1ஐ எடு. ரோமானிய பேரரசர் டயோக்ளீஷியன் அரண்மனை 1,700 வருஷமா அங்கயே இருக்கு, உனக்காக இன்னும் ரெண்டு வருஷம் காத்திருக்கும்.

நின்னும் வேணுமான்னு யோசி. புலாவுல இருந்து நின் நாலரை மணி நேரம், திரும்பி ஸ்டுட்கார்ட் வர்றது இன்னும் நீளும். நான் நின்னை தலையில தூக்கி வச்சு எழுதினதால சேத்துட்டே போல. உன் இடத்துல இருந்தா இந்த வருஷம் இஸ்த்ரியா மட்டும், ஒரே வீடு, மெதுலின் பக்கம், ஏழு நைட். போற வழியில ஆஸ்திரியாவுல வில்லாக்ல ஒரு நைட், மறுநாள் போஸ்ட்டோய்னா. வர்றப்பவும் ஒரு நைட் எங்கயாவது. நின் அடுத்த வருஷம், பையன் கொஞ்சம் வளந்துடுவான்.

சனிக்கிழமை கிளம்பாதே. எல்லா அபார்ட்மென்ட்டும் சனி டு சனி, அதனால சனிக்கிழமை காலைல போற வழியில இருக்கிற தவர்ன் சுரங்கம், கரவாங்கன் சுரங்கம் ரெண்டும் பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூர்தான். வீட்டுக்காரங்ககிட்ட நேரா கேளு, ஞாயிறு டு ஞாயிறு தருவீங்களான்னு. ஆகஸ்ட் 15 மாதா திருநாள், இத்தாலி, குரோஷியா ரெண்டு பக்கமும் லீவு, அந்த வாரத்தை தவிர்க்க முடிஞ்சா தவிரு. ஆஸ்திரியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் விக்னெட், அதாவது எக்ஸ்பிரஸ்வே கட்டண சீட்டு, தனித்தனி, ரெண்டையும் ஆன்லைன்ல நீயே வாங்கு, அவங்கவங்க அரசு தளத்துல, நடுவுல நிக்கிற கமிஷன் தளத்துல இல்ல.

மார்ச் 23, இரவு

ஆமா, ஏழு சீட் வண்டிக்கு மேல பெட்டி வைக்கலாம், ரூஃப் பாக்ஸ். ஆனா பெரிய பெட்டி போட்டா வண்டி உயரத்தை குறிச்சு வச்சுக்கோ, பழைய ஊர் பார்க்கிங்ல கம்பி இருக்கும். வீட்டை புக் பண்றப்ப பார்க்கிங் உண்டான்னும் முட்டி வலிக்கு கீழ்தளமான்னும் கேளு, ரெண்டுக்கும் ஆமான்னு பதில் வந்தா உடனே அட்வான்ஸ் போட்டுடு. ஈஸ்டர் தாண்டினா நல்ல வீடெல்லாம் போயிடும்.